மகள் வாலிபால் ஆடுகிறாள்: முழங்கால் ஜவ்வு கிழியாமல் காக்க முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளி வாலிபால் அணியில் ஸ்பைக் (குதித்துப் பந்தை எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பது) அடிப்பவள். போன மாதம் அதே அணியில் ஒரு பெண் பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது, யாரும் இடிக்காமலே முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் வரை போய்விட்டது. 'பின்தொடைத் தசையை வலுவாக்கினால் போதும், பயமில்லை' என்கிறார் கோச். வீட்டுப் பெரியவர்கள் ஆட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. கோச் சொல்வதில் பாதி சரி.

'யாரும் இடிக்காமலே' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ.சி.எல். எனப்படும் அந்த ஜவ்வு பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது: குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதுக்கு வந்தபின் உயரமும் எடையும் கூடும் வேகத்துக்கு, பையன்களைப் போலத் தசைபலம் தானாகக் கூடுவதில்லை என்பது ஒரு காரணம். பயிற்சியால் சரிக்கட்டக்கூடியதுதான்.

முன்தொடைத் தசை முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முன்னால் இழுக்கிறது. அது நழுவாமல் பிடித்து வைப்பது ஏ.சி.எல்.லின் வேலை. பின்தொடைத் தசையான ஹேம்ஸ்ட்ரிங் அதே எலும்பைப் பின்னால் இழுத்து ஜவ்வின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் கால் விறைப்பாக நீண்டபடி தரையைத் தொட்டால் அந்தத் தசைக்கு இழுக்கக் கோணமே கிடைக்காது. பலம் இருந்தும் பயனில்லை. முழங்கால் மடங்கினால்தான் அது துணைக்கு வரும். அதனால் இறங்கும் முறையையும் தனியாகப் பழக வேண்டும்.

பலத்துக்கு நார்டிக் பயிற்சி நல்லது. மண்டியிட்டு, தோழி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்காதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் 3 முதல் 5 முறை, வாரம் இரு நாள் போதும். முதலில் பின்தொடை நன்றாகவே வலிக்கும், மேட்சுக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீர்கள்.

இறங்கும் முறையைச் சரிபார்க்க உங்கள் செல்போனே போதும். அவள் குதிப்பதை நேர் முன்னாலிருந்து வீடியோ எடுங்கள். இறங்கும் நொடியில் முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால் அதையே அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நூறு தடவை வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும். முன்பாதம் முதலில் பட வேண்டும், முழங்காலும் இடுப்பும் மடங்க வேண்டும், முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்க வேண்டும். 'சத்தம் வராமல் இறங்கு' என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. வலக்கையால் ஸ்பைக் அடிப்பவர்கள் பலர் இடது காலில் மட்டும் இறங்குவார்கள். இரண்டு காலில் இறங்கப் பழக்குங்கள்; ஆட்டத்தில் ஒற்றைக் கால் தவிர்க்க முடியாதது என்பதால் அதையும் பழக்குங்கள்.

இரண்டையும் சேர்த்த 20 நிமிட வார்ம்-அப் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11+'. நார்வேயில் 13 முதல் 17 வயதுக் கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், கடுமையானவை ஏறத்தாழப் பாதியும் குறைந்தன. அணி முழுவதும் வாரம் இரண்டு மூன்று முறை, சீசன் முடியும்வரை விடாமல் செய்யலாம் என்று கோச்சிடம் கேட்டுப் பாருங்கள்.

எப்போதாவது முழங்காலில் 'டப்' என்ற சத்தத்தோடு சில மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். ஐஸ் ஒத்தடம் கொடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் ஆன அந்தப் பெண்ணையும் 9 மாதத்துக்கு முன் ஆட அழைக்க வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லுங்கள்.