மங்கோலிய நண்பர் வீட்டுத் துக்கம்: உடனே கிளம்பலாமா?

கேள்வி: தெற்கு கோபியில் சுரங்க வேலையில் இருக்கிறேன். உடன் வேலை செய்யும் மங்கோலிய நண்பரின் அப்பா தலைநகர் உலான் பத்தூரில் காலமாகிவிட்டார். மாலையோடு உடனே போய் நிற்பதா? பணம் கொடுத்தால் தவறாகுமா? லாமா, அடக்க இடம் எல்லாவற்றையும் ஒரே தொகையில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அதை நான் கட்டி நண்பருக்கு உதவலாமா?

பதில்: ஏஜென்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். பௌத்த மங்கோலியர் வீட்டில் அப்படியில்லை. உயிர் பிரிந்ததும் குடும்பம் முதலில் லாமாவிடம் போகும். இறந்தவரின் பிறந்த ஆண்டையும் இறந்த நேரத்தையும் வைத்து அவர் ஏடு பார்ப்பார். 'பொற்கலம் திறப்பது' என்பார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஒரு விலங்கின் பெயரில் வரும். எந்த நாள் அடக்கம், எந்தத் திசை, எந்த விலங்கின் ஆண்டில் பிறந்தவர் உடலைத் தொடலாம், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். உங்கள் பிறந்த ஆண்டைக் கேட்டு, 'நீங்கள் கிட்டே வர வேண்டாம்' என்று சொன்னால் மனம் நோகாதீர்கள். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே போனில் துக்கம் விசாரித்துவிட்டு, அழைக்கும்வரை பொறுங்கள். மாலை வேண்டாம். பணம் கொடுப்பது தவறே இல்லை. 'புயன்', அதாவது நம் புண்ணியம்தான், அந்தக் கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். அதை நண்பரின் கையிலேயே கொடுங்கள். 'இறந்துவிட்டார்' என்று பட்டென்று சொல்லாதீர்கள். 'புர்ஹான் ஆனார்', தெய்வமானார் என்பதே அங்கே மரியாதை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவதையும் தவிர்ப்பார்கள். அங்கே வாய்விட்டு அழாதீர்கள். கண்ணீர் ஆறாகி, போகிற உயிரின் வழியை மறிக்கும் என்று நம்புகிறார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது இரண்டு நெருப்புக்கு நடுவே நடக்கச் சொன்னால் நடங்கள். நாம் தலை முழுகுவது போல அது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் துக்கத்தில் கலங்கி நிற்கிறவர்களையே தேடிப் பிடிக்கிறார்கள். எந்த மடத்தையும் சேராத 'லாமா'வைக் கூட்டிவந்து, தோஷம் இருக்கிறது, இன்னும் ஒரு பூசை வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். உலான் பத்தூரில் கந்தன் தெக்சின்லென் என்ற பௌத்த மடம் இருக்கிறது. பாராயணத்துக்குக் கவுன்டரிலேயே பணம் கட்டலாம், நடுவில் ஆள் வேண்டாம். இதே கூட்டம்தான் வெளிநாட்டாரிடம் 'வான் அடக்கம் காட்டுகிறேன்' என்றும் டாலர் பறிக்கிறது. உடலை அறுத்துக் கழுகுக்கு இடுவது திபெத்திய முறை. மங்கோலியர் அந்தக் காலத்தில் வெட்டவெளியில் கிடத்திவிட்டு வந்துவிடுவார்கள். அது வேடிக்கைக்கு உரியதல்ல, யாரும் காட்டவும் மாட்டார்கள்.

இந்தத் தரகர்கள் முளைத்ததற்கு அரசாங்கமும் காரணம். மேய்ச்சல் வெளியில் கிடத்திவிட்டுத் திரும்பிய மக்களை, சோஷலிச ஆட்சி 1950களில் புதைக்கச் சொன்னது. சொன்னதோடு சரி. தலைநகரைச் சுற்றிய குன்றுகளில் கல்லறைகள் பரவி, கூடாரக் குடியிருப்புகளோடு முட்டிக்கொண்டு நிற்கின்றன. 2005இல் அந்த ஆட்சியின் பழைய தலைவர்களான சுக்பத்தார், சோய்பால்சான் இருவரின் உடலையும் நினைவு மாடத்திலிருந்து எடுத்து, லாமாக்கள் முன்னிலையில் எரியூட்டி, அல்தன் உல்கீ கல்லறையில் சேர்க்க முடிந்தது. சாதாரணக் குடும்பம் மட்டும் ஒரு குழிக்கு இன்னும் ஆள் பிடித்து அலைகிறது. எனக்கு இதில் ஆறாத கோபம்.

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நண்பர் கசாக் இனத்தவரா? பயன் உல்கீ மாகாணத்தில் அவர்கள்தான் பெரும்பான்மை. தலைநகரை ஒட்டிய நலைக் சுரங்கப் பகுதியிலும் நிறையப் பேர் உண்டு. மங்கோலியக் குடிமகன் என்பதாலேயே பௌத்தர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் முஸ்லிம்கள். லாமா இல்லை, ஏடு இல்லை, விலங்கு ஆண்டு பார்த்து ஒதுக்குவதும் இல்லை. உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, சீக்கிரமே அடக்கிவிடுவார்கள். ஏழாம் நாளும் நாற்பதாம் நாளும் விருந்து வைப்பார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தே அழுவார்கள். அங்கே அழைப்புக்குக் காத்திருந்தால் அடக்கமே முடிந்திருக்கும். கசாக் வீடு என்றால் நம் ஊர் போலத்தான், கேள்விப்பட்டதும் கிளம்பிவிடுங்கள்.