சாட்ஸ்வர்த் ஒருநாள் பயணமா, நேஷனல் டிரஸ்ட் ஆண்டுச் சந்தாவா?

கேள்வி: லெஸ்டரில் வசிக்கிறோம். பென்ஷன் பிடித்தம் போக என் சம்பளம் ஆண்டுக்கு 54,000 பவுண்ட். மனைவிக்குப் பகுதி நேர வேலையில் 9,000 பவுண்ட் வருகிறது. பிள்ளைகளுக்கு 9, 6 வயது. மதுரையிலிருந்து அம்மா வந்திருக்கிறார், ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்புகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் கிளம்புவதற்குள் எல்லோரும் ஒரு நாள் டெர்பிஷயரிலுள்ள சாட்ஸ்வர்த் மாளிகைக்குப் போக ஆசை. நுழைவுச் சீட்டுக்கு 120, மற்றச் செலவுக்கு 60 என்று 180 பவுண்ட் ஒதுக்கியிருக்கிறேன். "அந்தக் காசில், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டின் குடும்பச் சந்தா எடுத்தால் அங்கேயே வருஷம் முழுக்கப் போய் வரலாமே" என்கிறார் மனைவி. எது சரி?

பதில்: அம்மா இருக்கும்போதே போய் வாருங்கள். உங்கள் வருமானத்தில் ஒரு நாளுக்கு 180 பவுண்ட் என்பது தாங்கக்கூடிய செலவுதான். ஆனால் உங்கள் மனைவியின் யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாட்ஸ்வர்த் நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தமானதல்ல, அந்த அட்டை அங்கே செல்லாது.

இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. 1950-இல் சாட்ஸ்வர்த் குடும்பத்தின் தலைவரான டெவன்ஷயர் பிரபு இறந்தபோது சொத்தின் மீது 80 சதவீத மரண வரி விழுந்தது. அதை அடைக்க அந்தக் குடும்பம் தன் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹாலை அரசுக்குக் கொடுத்தது. 1959-இல் அது நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. சாட்ஸ்வர்த்தை மட்டும் குடும்பம் விடவில்லை. 1981 முதல் அதைத் தனி அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. ஒரே குடும்பத்தின் இரண்டு மாளிகைகள், ஆனால் சந்தா அட்டை ஒன்றில் மட்டுமே செல்லும். அதனால் எந்த மாளிகைக்குக் கிளம்பினாலும் அதை நடத்துவது யார் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, சீட்டை யார் வாங்குவது என்பது. உங்களுக்கு நிஜமாகவே பணம் மிச்சமாகும் இடம் இதுதான், ஆனால் பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதே இல்லை. அறக்கட்டளைகள் நடத்தும் மாளிகைகள் பலவற்றில் சீட்டு வாங்கும்போது 'கிஃப்ட் எய்ட்' என்ற நன்கொடை வரிச்சலுகை வேண்டுமா என்று கேட்பார்கள். வழக்கமான கட்டணத்துக்கு மேல் குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாகச் சேர்த்துக் கொடுத்தாலோ, அந்தச் சீட்டில் 12 மாதம் திரும்பத் திரும்ப வர உரிமை கிடைத்தாலோ, கொடுக்கும் தொகை முழுவதுமே நன்கொடையாகக் கணக்கில் எடுக்கப்படும். ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அறக்கட்டளை வரித்துறையிடமிருந்து வாங்கிக்கொள்ளும்.

சீட்டு 120 பவுண்ட் என்றே வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் சேர்த்து 132 கட்டுகிறீர்கள். வரித்துறை கொடுக்கும் 33 பவுண்டையும் சேர்த்தால் நன்கொடை 165 ஆகிறது. உங்கள் வருமானம் 50,270-ஐத் தாண்டுவதால், தாண்டிய பகுதிக்கு 40 சதவீத வரி கட்டுகிறீர்கள். ஆகவே அந்த 165-இல் 20 சதவீதம் (உங்கள் 40-க்கும் அடிப்படை விகிதமான 20-க்கும் உள்ள வித்தியாசம்), அதாவது 33 பவுண்ட், உங்களுக்குத் திரும்பி வரும். கடைசியில் உங்கள் கையை விட்டுப் போவது 99 பவுண்ட்தான். 12 பவுண்ட் கூடுதலாகக் கொடுத்தும் சாதாரணச் சீட்டைவிட 21 பவுண்ட் குறைவு!

இதே சீட்டை மனைவி தன் பணத்தில் வாங்கி, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் டிக் போட்டால் கதை வேறு. 12,570 பவுண்டுக்குக் கீழே சம்பாதிப்பதால் அவர் வருமான வரியே கட்டுவதில்லை. வேறு வரி எதுவும் கட்டியிராவிட்டால், அறக்கட்டளைக்குப் போன அந்த 33 பவுண்டை வரித்துறை அவரிடமே கேட்கலாம். வீட்டில் யார் கைபேசியை எடுத்து முன்பதிவு செய்கிறாரோ அவர் பெயரிலேயே டிக் விழுந்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து உங்கள் பெயரில், உங்கள் கணக்கிலிருந்து வாங்குங்கள். உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய 33 பவுண்ட் தானாக வராது. ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்பவர் என்றால் அதில் எழுதுங்கள், இல்லையென்றால் வரித்துறையான எச்எம்ஆர்சிக்குத் தெரிவித்துக் கேளுங்கள். கடந்த நான்கு ஆண்டுகளில் கொடுத்த நன்கொடைகளுக்கும் சேர்த்தே கேட்கலாம். பிள்ளைகளோடு முன்பு எங்கேனும் போயிருந்தால் பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். மாளிகைக்குள் நடையும் படிகளும் உண்டு. தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு கிடைக்குமென்றால் அவருக்கு அதுவே போதும். டெர்வென்ட் ஆற்றங்கரையை ஒட்டிய பெரிய பூங்காவில் நடக்கக் கட்டணமே கிடையாது. மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே கட்டிக்கொண்டு போனால் அந்த 60 பவுண்டில் பாதியாவது மிஞ்சும்.

சந்தா யோசனையை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம். லெஸ்டரிலிருந்து காரில் போய் வரும் தூரத்தில் கால்க் அபி, கெடில்ஸ்டன் ஹால், ஹார்ட்விக் மூன்றும் இருக்கின்றன, மூன்றுமே நேஷனல் டிரஸ்டுடையவை. உங்கள் நால்வருக்கும் அங்கே ஒரு நாளைக்கு ஆகும் கட்டணத்தால் ஆண்டுச் சந்தாவை வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணை நாட்காட்டியில் வைத்து, எந்தெந்த ஞாயிறு என்று பென்சிலால் குறிக்க முடிந்தால் எடுங்கள். "போகலாம், பார்க்கலாம்" என்ற அளவில்தான் இருக்கிறதென்றால் இந்த வருஷம் வேண்டாம். எடுத்தால் அதுவும் உங்கள் பெயரிலேயே, கிஃப்ட் எய்டோடு. டைரக்ட் டெபிட் என்றால் அடுத்த ஆண்டும் தானே பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள். குடும்பச் சந்தாவில் பெரியவர்கள் இருவர்தான். ஊர் திரும்பும் அம்மாவுக்கு ஒருநாள் சீட்டே சரி.

அம்மாவை இன்னொரு நாளும் வெளியே கூட்டிப் போக முடிந்தால், டெர்பிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கெடில்ஸ்டனுக்குக் கூட்டிப் போங்கள். இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவின் குடும்ப வீடு அது. கல்கத்தா ஆளுநர் மாளிகையை இதை முன்மாதிரியாக வைத்துத்தான் கட்டினார்கள். கர்சன் சேர்த்த கீழைநாட்டுப் பொருட்களோடு, 1903 தில்லி தர்பாரையொட்டி நடந்த நடன விழாவில் அவர் மனைவி உடுத்திய, மயிலிறகு வடிவம் பின்னிய உடையும் அங்கேதான் இருக்கிறது. அதில் இருப்பது நம் நாட்டுக் கைவினைஞர்களின் ஜர்தோசி என்னும் சரிகை வேலைப்பாடு. பட்டும் சரிகையும் தெரிந்த அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார். அன்று மாளிகையின் உட்பகுதி திறந்திருக்குமா, அந்த உடை காட்சியில் இருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.