குழந்தைக்கு 14 மி.மீ. ஏ.எஸ்.டி.: ஒரு டாக்டர் டிவைஸ் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். ஏன்?

ஏ.எஸ்.டி. என்பது இதயத்தின் இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இருக்கும் துளை. அதை நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக ஒரு டிவைஸ் வைத்தும் மூடலாம், ஆபரேஷன் செய்தும் மூடலாம். துளையின் அளவை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. துளையைச் சுற்றிச் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில்தான் இரண்டு டாக்டர்களும் வேறுபடுகிறார்கள்.

முதலில் எக்கோ ரிப்போர்ட்டில் வகையைப் பாருங்கள். 'செக்கண்டம்' (சுவரின் நடுப்பகுதித் துளை) என்று இருந்தால்தான் டிவைஸ் பேச்சே. 'பிரைமம்' (சுவரின் அடிப்பகுதித் துளை) என்றால் பெரும்பாலும் மைட்ரல் வால்விலும் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) பிளவு இருக்கும், அதையும் தைக்க வேண்டும். 'சைனஸ் வீனோசஸ்' (பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தையொட்டிய துளை) வகையில் வலது நுரையீரல் சிரை இடம் மாறி இணைந்திருப்பது வழக்கம். குழந்தைகளுக்கு இவை இரண்டுக்கும் ஆபரேஷன்தான்.

செக்கண்டம் என்றே வைத்துக்கொள்வோம். டிவைஸ் என்பது நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பியில் பின்னிய இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு குறுகிய இடுப்பு. இடுப்பு துளையில் உட்காரும், தட்டுகள் இருபுறமும் சுவரைக் கவ்வும். கவ்வுவதற்குச் சுமார் 5 மி.மீ. விளிம்பு தேவை. பெருநாடிப் பக்கம் குறைந்தாலும் பல நேரம் சமாளிக்கலாம். கீழ்ப்பெருஞ்சிரை (உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தைக் கொண்டுவரும் சிரை) பக்கம், அதாவது கீழ் விளிம்பு, இல்லவே இல்லையென்றால் டிவைஸ் நழுவிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆம்பிளாட்சர் என்ற டிவைஸ் வகையில், இடுப்பு 14 மி.மீ. உள்ள டிவைஸுக்கு இடப்பக்கத் தட்டு 28 மி.மீ. குழந்தையின் மேலறைச் சுவரின் முழு நீளம் அதற்குப் போதாவிட்டால் தட்டு மைட்ரல் வால்வை உரசும். அறிகுறி இல்லாத குழந்தைக்கு எடை 15 கிலோ தாண்டட்டும் என்று காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கீழ் விளிம்பு நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் பல குழந்தைகளுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மயக்கம் கொடுத்து உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் டி.இ.இ.தான் நம்பகமானது. பெரும்பாலும் டிவைஸ் வைக்கும் அன்றே கேத் லேபில் (குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறை) முதலில் அதைப் பார்ப்பார்கள். விளிம்பு போதாது என்று தெரிந்து டிவைஸ் வைக்காமல் வெளியே வந்தால், அது நல்ல முடிவு. மனம் உடைய வேண்டாம்.

வைப்பதானால், தொடைச் சிரை வழியாகக் குழாய் போகும். ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின், பொதுவாகக் கிலோவுக்கு 100 யூனிட். தட்டுகளை விரித்ததும் டிவைஸோடு இணைந்திருக்கும் கேபிளை இழுத்தும் தள்ளியும் ஆட்டிப் பார்ப்பார்கள். கேபிளைக் கழற்றும்வரை டிவைஸைக் குழாய்க்குள் திரும்ப இழுத்துவிடலாம். பெரிய டிவைஸாகப் போட்டால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். அளவு மீறியது மேலறைச் சுவரையோ பெருநாடியையோ அரிக்கக்கூடும். இது மிக அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. முதல் 3 நாளில்தான் அதிகம் என்றாலும் பிறகும் வரலாம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே எக்கோ எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் வழக்கமாக 6 மாதம், கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. அந்த 6 மாதத்துக்குள் பல் பிடுங்க நேர்ந்தால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும்.

ஆபரேஷனில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, பெரும்பாலும் குழந்தையின் பெரிகார்டியத்திலிருந்தே (இதயத்தைச் சுற்றியுள்ள உறை) ஒட்டு எடுத்துத் தைப்பார்கள். எந்த வடிவத் துளையையும் மூடலாம். வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேரச் சுமார் 6 வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, காரணமில்லாத வாந்தி வந்தால் வயிற்றுக் கோளாறு என்று விடாதீர்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம்.

இரண்டு டாக்டர்களிடமும் இதையே கேளுங்கள்: கீழ் விளிம்பு எத்தனை மி.மீ., மேலறைச் சுவரின் முழு நீளம் எவ்வளவு, டிவைஸ் நழுவினால் அங்கேயே எடுக்கக் குழந்தைகள் இதய அறுவைக் குழு தயாராக இருக்குமா.