ஒரே மெட்டு, நான்கு குழு: ரவுண்ட் பாடல் கேள்வி பதில்

கேள்வி: சார், ரவுண்ட் பாட்டில் ஒரே மெட்டை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கினாலும் எப்படி ஒத்துப்போகிறது? எந்தப் பாட்டையும் இப்படிப் பாடலாமா?

பதில்: முடியாது. ரவுண்டுக்கென்றே கட்டிய மெட்டு வேண்டும். பலருக்கும் தெரிந்த 'ஃப்ரேர் ஜாக்' என்ற பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டின் மெட்டையே எடுங்கள். முதல் அடி 'ச ரி க ச'. இரண்டாம் அடி 'க ம ப'. இரண்டையும் சேர்த்துப் பாடினால் ச-வோடு க, ரி-யோடு ம, க-வோடு ப. மூன்றாம் அடி ப-வில் தொடங்கும், நான்காவது மறுபடி ச. நான்கு குழுவும் உள்ளே வந்துவிட்டால் முதல் தட்டில் ச-க-ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். எல்லா அடிகளுக்கும் பின்னால் ஓடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை ஒன்றுதான், அதனால்தான் இடிப்பதில்லை. அடிக்கு அடி கார்டு மாறும் மெட்டு என்றால் சந்தைக் கூச்சல்தான். சொந்தமாகக் கட்டிப் பார்க்க ஆசையா? மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் எழுதுங்கள். அடுத்தடுத்த அரைச்சுரங்கள் அதில் இல்லாததால் அவ்வளவாக உரசாது.

கேள்வி: சேர்ந்து பாடும்போது அருமையாக இருக்கிறது. குழு பிரித்ததும் சிதறிவிடுகிறது, என்ன செய்ய?

பதில்: சீக்கிரம் பிரித்துவிட்டீர்கள். தாளும் கீபோர்டும் இல்லாமல் எல்லோரும் மெட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் பாட வேண்டும். அப்புறம் உடனே பிரிக்காதீர்கள். மொத்தக் குழுவும் தொடங்கட்டும், நீங்கள் ஒருவர் மட்டும் இரண்டாவதாக நுழையுங்கள். பிறகு நீங்கள் தொடங்க, அவர்கள் நுழையட்டும். இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நின்றபின் இரண்டு குழு, பிறகு மூன்று. நன்றாகப் பாடுபவர்களை எல்லாம் முதல் குழுவில் குவிக்காதீர்கள். கடைசிக் குழுதான் முழுச் சத்தத்துக்கு நடுவே நுழைய வேண்டும், அங்கே உறுதியான குரல் அவசியம். காதில் விரல் வைத்துக்கொண்டு பாடுபவரை அன்பாக நிறுத்துங்கள். பக்கத்துக் குழுவைக் கேட்காமல் பாடுவது ரவுண்டே இல்லை.

கேள்வி: போகப் போக வேகம் கூடுகிறதே?

பதில்: சத்தத்தைக் குறையுங்கள். பக்கத்துக் குழு காதில் விழவில்லை என்றால் நீங்கள் கத்துகிறீர்கள் என்று பொருள். நின்ற இடத்திலேயே எல்லோரும் ஒன்றாகக் கால் மாற்றி மிதித்துப் பாடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: ஆண், பெண் குரல்கள் கலந்திருக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். எல்லோரும் எல்லா அடியையும் பாடுவதால் சுருதியை மட்டும் யோசித்து வையுங்கள். பேஸுக்கு (தாழ்ந்த ஆண் குரல்) வசதியானது ஆல்ட்டோவுக்கு (தாழ்ந்த பெண் குரல்) ஒத்துவராமல் போகலாம்.

கேள்வி: இது குழந்தைகள் விளையாட்டுதானே?

பதில்: 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் 'சுமர் இஸ் இக்யூமன் இன்' என்ற பாட்டின் கையெழுத்துப் பிரதியைப் பாருங்கள். நான்கு குரல் ரவுண்ட், அதன் கீழே திரும்பத் திரும்பப் பாடும் இரண்டு குரல், ஆக ஆறு. 1609-இல் ஆங்கில இசைக்கலைஞர் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் 'பம்மேலியா' என்று ரவுண்டுகளை ஒரு தொகுப்பாகவே அச்சிட்டார்.

கேள்வி: மேடையில் எப்படி முடிப்பது?

பதில்: எத்தனை சுற்று என்று முன்பே சொல்லிவிட்டு, முடித்த குழு ஒவ்வொன்றாக ஓயலாம். அப்போது கடைசிக் குழு தனியாக நிற்கும். எனக்குப் பிடித்தது மற்றது: அடி முடியும் இடத்தில் கை காட்டி எல்லோரையும் ஒன்றாக நீட்டி நிறுத்துவது. கையை ஓர் அடி முன்பே உயர்த்திவிடுங்கள். இல்லையென்றால் பின்வரிசையில் இரண்டு பேர் பாடிக்கொண்டே போவார்கள்.