ரீச்சரிடம் கேளுங்கள்: ஸ்கொலர்ஷிப் பாஸ், இனி எந்தப் பள்ளிக்கூடம்?

வணக்கம் ரீச்சர். என் மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியை விட ஒன்பது புள்ளி கூட எடுத்திருக்கிறான். இவர் கொழும்பு றோயல் கல்லூரிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மாமி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு அனுப்பு, அங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறா. எனக்குத் திருகோணமலை டவுனிலேயே கோணேஸ்வரா இந்துக் கல்லூரியில் சேர்க்கத்தான் விருப்பம். வெட்டுப்புள்ளி தாண்டினால் கேட்ட பள்ளிக்கூடம் கிடைக்கும்தானே?
– ஒரு தாய், சாம்பல்தீவு

தங்கச்சி, மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த ஒன்பது புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி நம்பக்கூடாது.

பெறுபேறு வந்த அன்று எல்லாரும் பேசுகிற மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாக எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி, உதவிப்பணத்துக்கானது. குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் அந்தப் பணம் கொடுப்பார்கள்; மாதம் 750 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். பள்ளிக்கூட அனுமதிக்கு வேறு வெட்டுப்புள்ளி. ஆறாம் தரத்தில் எந்தப் பாடசாலையில் எத்தனை இடம் இருக்கிறது, அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, கல்வி அமைச்சு பாடசாலை பாடசாலையாக, தமிழ் மொழிமூலம் வேறு சிங்கள மொழிமூலம் வேறு என்று பிரித்துப் பிறகு வெளியிடும். றோயலில் முதலாம் தரத்திலிருந்தே படித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மிச்சம் இருக்கிற தமிழ் மொழிமூல இடத்துக்குத் தீவு முழுவதிலுமிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள், ஆகவே அங்கே கேட்கிற புள்ளி மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவோ மேலே நிற்கும். யாழ்ப்பாணம் இந்துவும் லேசுப்பட்டதில்லை.

போன வருடத்துப் பாடசாலை வெட்டுப்புள்ளிப் பட்டியலை மகனின் அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள். அது இந்த வருடத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அப்புறம் விண்ணப்பத்தில் பாடசாலைகளைப் போடுகிற ஒழுங்கு. சும்மா பெயருக்காக எட்டவே எட்டாத பாடசாலைகளாக அடுக்கிவிட்டு, உண்மையில் விரும்புகிற டவுன் பாடசாலையை மறந்துபோகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஆசைக்கு ஒன்று போடுங்கள், தவறில்லை. பிள்ளை நிச்சயமாகப் போகக்கூடிய ஒன்று கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, அவர் கோபிக்கக்கூடாது. பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பொறியியல் மாதிரியான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. எந்த மாவட்டம் என்பதை, பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற உயர்தரப் பரீட்சைக்கு முந்திய வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தான் என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். பிறந்த ஊரையோ அப்பா அம்மாவின் வீட்டையோ பார்ப்பதில்லை. கொழும்பில் போய் உயர்தரம் எழுதினால் மகன் கொழும்புப் பிள்ளைகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். பத்து வயதில் பிள்ளையை விடுதியில் விட்டு, மாதக் கடைசியில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, பணத்தையும் நிம்மதியையும் செலவழித்து, கடைசியில் கையில் இருந்த ஒரு வசதியையும் விட்டுக்கொடுப்பதற்கு என்ன அவசரம் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கொழும்பில் படித்தால் வேறு நன்மைகள் இல்லாமலில்லை. நல்ல ஆய்வுகூடம், விளையாட்டு, ஆங்கிலம், பெரிய இடத்துப் பழக்கம் எல்லாம் கிடைக்கும். ஆனால் விபுலாநந்த அடிகள் அதிபராக இருந்த கோணேஸ்வரா உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் நான் யோசிக்கமாட்டேன். மகனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், கடிதம் முழுவதும் தேடிப் பார்த்தேன், அவன் என்ன சொன்னான் என்று எங்கேயும் இல்லை.

*

என் மகள் நாலாம் தரம். டவுனில், உயர்தரம் வரை இருக்கிற மகளிர் பாடசாலையில்தான் முதலாம் தரத்திலிருந்து படிக்கிறாள். இப்போதே இரண்டு இடத்தில் டியூஷன், சனி ஞாயிறு கருத்தரங்கு. "வரப்போகும் வினாக்கள்" என்று ஒரு பேப்பர் கட்டும் விற்கிறார்கள். வாங்கலாமா?
– தந்தை, உவர்மலை

தம்பி, மகள் இருக்கிற பாடசாலையிலேயே ஆறாம் தரத்துக்கு ஏறிவிடுவாள், அதற்குப் புலமைப்பரிசில் தேவையில்லை. உதவிப்பணமும் வேண்டாம், வேறு பள்ளிக்கூடமும் வேண்டாம் என்றால் இந்தப் பரீட்சையால் அவளுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று ஒருமுறை யோசியுங்கள். எழுதட்டும், எழுதுவது நல்லது, அதற்கு இத்தனை ஆரவாரம் எதற்கு?

முதலாம் வினாத்தாள் ஒரு மணித்தியாலம், 40 வினா. உருவங்களின் ஒழுங்கு, எண் தொடர் என்று யோசிக்க வைக்கிற கேள்விகள். இரண்டாம் வினாத்தாள் ஒன்றேகால் மணித்தியாலம், 60 வினா. தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், இரண்டாம் மொழி எல்லாம் வரும். மொத்தம் 200 புள்ளி. இரண்டாவதுக்குப் பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் போதும். முதலாவதுக்குப் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்து, பிழைத்த கேள்வி ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரு டியூஷன் போதும், வீட்டில் ஒருவர் மெனக்கெட்டால் அதுவும் வேண்டாம்.

பேப்பர் கட்டை வாங்காதீர்கள். 2024 செப்டெம்பர் 15 பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் முழுப் புள்ளி கொடுத்தார்கள். முன்னமே கேள்வி கிடைத்த பிள்ளைக்கு அதனால் என்ன லாபம்? மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெறுபேறு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்ததுதான் மிச்சம். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து டியூஷனும் கருத்தரங்கும் மாதிரி வினா விநியோகமும் சட்டப்படி தடை, அந்த நாட்களில் யாராவது இரகசிய வகுப்பு என்று கூப்பிட்டால் போகவே வேண்டாம்.

*

ரீச்சர், எனக்கு 118 புள்ளிதான். அம்மா என்னோடு சரியாகக் கதைக்கிறா இல்லை. நான் இனிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவே முடியாதா?
– மாணவி, மூதூர்

போகலாம், மகள். சாதாரண தரம் எழுதிய பிறகு அந்தப் பெறுபேற்றை வைத்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்கு மாறுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். டவுனில் சண்முகா மகளிர் கல்லூரியிலும் மூதூர் அக்காமாரைக் காண்பாய். அதுவரைக்கும் உன் பள்ளிக்கூடத்துக் கணித ரீச்சரை விடாமல் பிடித்துக்கொள். இரண்டு தாளிலும் 35க்குக் குறையாமல், மொத்தம் 70 எடுத்தாலே பரீட்சைத் திணைக்களம் சான்றிதழ் கொடுக்கிறது, நீ 118 எடுத்திருக்கிறாய். அம்மாவுக்கு: பிள்ளை பதினொரு வயதில் தானே பேனா எடுத்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். இன்றைக்கே கதையுங்கள்.

*

மகன் கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை, மேன்முறையீடு போட்டிருக்கிறோம். இப்போதே பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுத்து வைக்கலாமா?
– தம்பலகாமம் வாசகர்

வேண்டாம். புதிய பாடசாலையின் அனுமதிக் கடிதம் கைக்கு வரட்டும், அதுவரை பிள்ளை பழைய பள்ளிக்கூடத்துக்கே போகட்டும். மேன்முறையீட்டுப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். இடம் எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டு வீட்டுக்கு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.