தானாக ஓடும் நீர்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ரோம் சென்றிருந்தேன். ட்ரெவி நீரூற்றுக்கு 2000 ஆண்டுப் பழைய கால்வாய் வழியாகவே இன்றும் நீர் வருகிறது என்று வழிகாட்டி சொன்னபோது மெய்சிலிர்த்தது. ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம் என்னும்படி கட்டியிருக்கிறார்கள். அந்தத் திறமை இன்று ஏன் இல்லை? ஈயக் குழாய்களால்தான் ரோமப் பேரரசு அழிந்தது என்பது உண்மையா? அடுத்த முறை எந்த எச்சங்களைப் பார்க்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈயக் கதையை விட்டுவிடுங்கள். நீர் இடைவிடாது ஓடியது, குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு படிந்தது. ஒரு பேரரசின் வீழ்ச்சியை அந்தக் குழாய்களின் தலையில் கட்ட முடியாது.

என்னைப் பதில் எழுத வைத்தது ‘கட்டிவிட்டு மறந்துவிடலாம்’ என்ற உங்கள் வரி. இவ்வளவு தூரம் சென்று, இவ்வளவு ஆசையோடு பார்த்துவிட்டு, அந்த நீரை ஓடவைத்த மனிதர்களை இப்படி ஒரே வரியில் அழித்துவிடலாமா? கட்டியவனைக் கொண்டாடிவிட்டுத் தூர் வாரியவனை மறக்கும் பழக்கத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு.

நீங்கள் பார்த்த நீர் அகுவா விர்கோ என்னும் கால்வாயினுடையது. அகஸ்டஸ் மன்னரின் தளபதி அக்ரிப்பா அதைக் கி.மு. 19இல் கட்டி முடித்தார். ட்ரெவிக்கு மிக அருகில், வியா டெல் நசரேனோ என்ற சிறு தெருவில், சாலை மட்டத்துக்குக் கீழே இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் அதன் வளைவுகள் சில புதைந்து நிற்கின்றன. அவற்றின் மேலுள்ள கல்வெட்டை முதன்முறை பார்த்தபோது அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றேன். தனக்கு முன் ஆண்ட காலிகுலா இடித்த வளைவுகளை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டியதாகக் கிளாடியஸ் மன்னர் அதில் அறிவிக்கிறார். அதாவது, கட்டி எழுபது ஆண்டுகள் நிறைவதற்குள் அதன் ஒரு பகுதியை அடியோடு மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பிறகு 537இல் நகரை முற்றுகையிட்ட ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர்கள் ரோமின் கால்வாய்களைத் துண்டித்தார்கள். பெரும்பகுதி மண்ணுக்கடியில் ஓடியதால் விர்கோ மற்றவற்றைவிடத் தப்பிப் பிழைத்தது என்றாலும், 1453இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் பழுதுபார்த்தது உட்பட, அதற்குப் பல கைகள் தேவைப்பட்டன.

கி.பி. 97இல் ரோமின் நீர்வழிகளுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் எழுதிய நூல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அரசுக்குச் சொந்தமான 240 பேர், மன்னருக்குச் சொந்தமான 460 பேர் என மொத்தம் 700 அடிமைகள் இந்தப் பணியில் இருந்ததாக அவர் கணக்குத் தருகிறார். தொட்டிக் காவலர், சுற்றிவந்து பார்ப்பவர், கல் பாவுபவர், பூச்சு வேலைக்காரர் என்று அவர்களை வகை பிரித்தும் சொல்கிறார். வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டியும் அசட்டையாலும் இவர்களைத் தனியார் வேலைக்குப் போகவிட்ட மேற்பார்வையாளர்களையும், தெருக்களுக்கு அடியில் கள்ளக் குழாய் பதித்து நீரை விற்றவர்களையும் கண்டு அவர் பொருமுகிறார். கட்டுமானப் பழுதுகளை ஏப்ரல் தொடக்கம் முதல் நவம்பர் தொடக்கம் வரைக்குள் செய்ய வேண்டும், அதிலும் கடுங்கோடையில் நிறுத்திவிட வேண்டும், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கால்வாய்களை அடைக்கக் கூடாது என்று எழுதும் மனிதருக்கு, கட்டியதை மறந்துவிடலாம் என்ற நினைப்பே வந்திருக்காது. திறமை இன்று எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். பழுதுபார்க்கும் ஆளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் ஒதுக்கும் மனம் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

கால்வாய்களைத் தன் மேல் தாங்கிய பழைய நகர வாயிலான போர்ட்டா மஜ்ஜோரேயும் நகரின் தென்கிழக்கில் உள்ள நீர்வழிப் பூங்காவும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் முதலில் நசரேனோ தெருவுக்குச் சென்று, அந்தக் கல்வெட்டை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

அன்புடன்.