சர்க்கரை இல்லாத காபி கசக்கிறதா? முதலில் டிகாஷனைப் பாருங்கள்

வணக்கம். தினம் ஐந்து காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரேயடியாக நிறுத்தியதும் கஷாயம் மாதிரி கசக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை நாள் சர்க்கரை மூடி வைத்திருந்த டிகாஷன் கசப்பு அது. பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று பாருங்கள். 40 சதவீதம் என்றால் 20-க்கு இறங்குங்கள், முடிந்தால் சிக்கரியே இல்லாத தூள். ஃபில்டரில் இரண்டாம் முறை இறக்கியது வேண்டாம். கலந்த காபியைத் திரும்பச் சூடாக்கவே கூடாது. பாலைத் தண்ணீர் விடாமல் காய்ச்சுங்கள். பாலுக்கென்றே ஓர் இனிப்பு உண்டு, நாக்கு பழகியதும் தெரியும்.

அப்புறம், சர்க்கரையை ஒன்றரை ஸ்பூன், ஒன்று, அரை என்று வாரத்துக்கு ஒரு படியாகக் குறையுங்கள். நாட்டுச் சர்க்கரைக்கு மாறலாமா என்று கேட்டீர்கள். பயனில்லை, அதுவும் சர்க்கரைதான். உங்கள் பத்து ஸ்பூன் ஏறக்குறைய 40 கிராம். சாப்பாடு, பலகாரம் எல்லாம் சேர்த்தே நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆபீஸ் மெஷினில் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே வரும், அதைத் தவிருங்கள். டீக்கடையில் 'வித்தவுட்' என்றால் போதும், மாஸ்டர் புரிந்துகொள்வார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுபவர் என்றால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குறையுங்கள்.